ஸ்ரீவைகுண்டத்துக்கு கீழயும் ஆறு இருக்கு: தாமிரபரணி தண்ணிய பங்கு வைக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாமிரபரணி தண்ணிய எப்ப தொறக்கணும், எப்ப மூடணும், யாருக்கு எவ்வளவுன்னு முடிவெடுக்கிற எல்லாருக்கும்,

கோடை மாசத்துல ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு கீழ ஆத்துல கொஞ்சமாவது தண்ணி விடுங்கன்னு எங்க சுத்துவட்டார விவசாயிங்க கையெழுத்து போட்டு குடுத்த மனுவுக்கு பதில் வந்துருச்சு. ரெண்டே வரி. உபரி நீர் இல்லாத காரணத்தால் பரிசீலிக்க இயலவில்லைன்னு போட்டு, கீழ ஒரு சீல். அத வச்சிக்கிட்டு பேசாம இருக்க முடியல, அதான் இத எழுதுறேன். கூட்டத்துல மைக்க புடிச்சு பேசினா மூணு நிமிசத்துல அடுத்தவர கூப்பிடுறீங்க, இங்க அப்படி யாரும் நிறுத்த முடியாதுல்ல.

நாங்க இருக்கறது ஆத்தூர் பக்கம். வெத்தலை கொடிக்கால், வாழை, கொஞ்சம் நெல்லு. ஆத்தூர் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்துச்சு, சந்தோசம்தான். ஆனா அந்த வெத்தலைக்கு ருசி குடுக்கிறது இந்த ஆத்துத் தண்ணியும் அது கொண்டாந்து போட்ட மண்ணும்தான். குறியீடு குடுத்தாச்சு, தண்ணி மட்டும் கிடையாதுங்கறது என்ன கணக்குன்னு எங்களுக்கு வெளங்கல.

உங்கள்ல பல பேரு மேல இருக்கற அணைக்கட்டு வரைக்கும்தான் வந்திருப்பீங்க, அதனால கீழ என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். பொதிகை மலையில பொறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி புன்னக்காயல்ல கடல்ல சேருது இந்த ஆறு. நடுவுல எட்டு அணைக்கட்டு, கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு கடைசியா ஸ்ரீவைகுண்டம். அந்த கடைசி அணைக்கட்டு வெள்ளைக்காரன் காலத்துது, அதுல இருந்து வடகால், தென்கால்னு ரெண்டு கால்வாய் பிரியும். அதத் தாண்டி ஆத்துல எவ்வளவு தண்ணி போகணும்னு எங்களுக்கு தெரிஞ்சு எந்த உத்தரவுலயும் ஒரு வரி கிடையாது. கால்வாய்க்கு போக மிச்சம் இருந்தா வரும், இல்லன்னா மணல்தான். கோடையில அணைக்கட்டு பக்கத்துல நின்னு கீழ பாத்தீங்கன்னா அமலைச் செடியும் அங்கங்க தேங்கி நாறுற குட்டையும்தான் தெரியும், அதான் அப்ப எங்களுக்கு ஆறு.

ஆறு காஞ்சா அந்த இடம் சும்மா கிடக்கும்னு நீங்க நெனைக்கலாம். கிடக்காது. மேல இருந்து தண்ணி தள்ளலன்னா கீழ இருந்து கடல் ஏறும். ஒவ்வொரு ஏத்தத்துக்கும் உப்புத்தண்ணி முகத்துவாரம் வழியா உள்ள வந்து ஆத்துப் படுகையில எறங்கி, அங்க இருந்து கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் பரவுது. கடல்தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அம்பது குடம் தண்ணியில ஒரே ஒரு குடம் கடல்தண்ணி கலந்தாக்கூட லிட்டருக்கு 700 மில்லிகிராம் ஆயிருது. குடிதண்ணிக்கு நம்ம நாட்டு தர அளவு 500, வேற வழியே இல்லன்னா மட்டும் 2000 வரைக்கும் பரவால்லன்னு வச்சிருக்காங்க. இது புரிய பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூடத்து பெருக்கல் போதும்.

எங்க தெருவுல ஒரு பையன் தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ண ஆன்லைன்ல வாங்கிட்டு வந்தான், பேனா மாதிரி சின்னதா இருக்கும், தண்ணியில முக்கினா எண்ணு காட்டும். மழை முடிஞ்ச கையோட எங்க தோட்டத்து கிணத்துல முக்கினா மூணு இலக்கத்துல நிக்கும். கோடை பாதியில அதே கிணத்துல நாலு இலக்கம் வந்துரும். மீட்டர் இல்லாதவங்களுக்கும் தெரியும், பருப்பு வேகாது, டீ போட்டா பால் திரியும், தலைக்கு குளிச்சா முடி பிசுபிசுன்னு ஒட்டும். குடிக்க எல்லா வீட்டுலயும் கேன் தண்ணிதான். ஆத்தங்கரையில பொறந்து வளந்தவங்க காசு குடுத்து கேன் வாங்குறோம் ஐயா, இத எழுதவே ஒரு மாதிரியா இருக்கு.

கொடிக்கால்ல என்ன ஆகுதுன்னா, மொதல்ல அகத்தி எல கொட்டும். கொடி படர்றதே அகத்தி மேலதான், அது நோவு கண்டா கொடி எங்க நிக்கும். அப்புறம் வெத்தலையோட நுனி பழுப்பாகும், பழுப்பு ஓரத்துல இறங்கும், நடுவுல மட்டும் பச்சை இருக்கும். வியாபாரி வந்து கட்ட பிரிச்சு, நடுவுல இருந்து ஒரு எலைய உருவி, வெளிச்சத்துக்கு காட்டிட்டு ரெண்டா மடிப்பாரு. நல்ல எல துணி மாதிரி மடியும், உப்பு பட்ட எல மடிப்புலயே ஒடியும். ஒடிஞ்சா அவரு எதுவும் பேச மாட்டாரு, எலைய கட்டுக்குள்ள திருப்பி சொருகி வச்சிட்டு ஒரு விலை சொல்லுவாரு, அத வாங்கிட்டு நாங்க வாய மூடிட்டு வரணும். வருசக்கணக்கா வளத்த கொடிக்கால அழிச்சிட்டு போனவங்க எங்க பக்கத்துல இருக்காங்க. அவங்க வீட்டு பசங்க இப்ப தூத்துக்குடியில செக்யூரிட்டி வேலை பாக்கிறாங்க.

இது எப்பவும் உள்ளதுதானே, கடைமடைன்னா அப்படித்தான்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு. கடைமடை கஷ்டம் பழசுதான் சார். ஆனா மழை வர்ற முறையே மாறிப்போச்சு, நீங்க தண்ணி விடுற முறைதான் மாறல. என் சண்டை இதுக்குத்தான்.

2023ஐயே எடுத்துக்கோங்க. அந்த ஆகஸ்ட் மாசம் 1901ல இருந்து கணக்கு வச்சதுலயே நாட்டுல மழை கம்மியா பெஞ்ச ஆகஸ்ட், வழக்கத்தவிட 36 சதவீதம் கம்மின்னு வானிலை ஆய்வு மையமே சொன்னாங்க. தென்மேற்கு பருவமழைதான் நம்ம மலைய நனைச்சு பாபநாசம் அணைக்கு தண்ணி குடுக்கணும், ஜூன்ல ஆரம்பிக்கிற கார் நெல்லு சாகுபடி அத நம்பித்தான். எங்களுக்கு கார் எப்பவுமே சந்தேகம்தான், தண்ணி கம்மியான வருசத்துல கார் உத்தரவுல மேல உள்ள அணைக்கட்டுங்க கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் பேரோட பட்டியல் முடிஞ்சிரும், மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் அதுல இருக்காது. சரி, வடகிழக்கு பருவமழைய நம்பி வைக்கிற பிசான சாகுபடியாவது பாப்போம்னு காத்திருந்தோம்.

அதே வருசம் டிசம்பர் 17, 18ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க மாவட்டத்துக்கு வருசம் பூரா பெய்யற சராசரி மழையே 70 சென்டிமீட்டர் தொடாது. திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல 800 பேரோட சுத்தி தண்ணியில நின்னுச்சு. ஏரல் பாலத்துல ரோடு அறுத்துக்கிட்டு போச்சு. குளங்கள் வரிசையா உடைஞ்சுச்சு. வாழை பூரா படுத்துருச்சு. நாலு மாசம் முன்னாடி தண்ணி இல்ல தண்ணி இல்லன்னு இருந்த அதே ஆறு இது.

வெள்ளத்தோட தண்ணி பஞ்சம் தீந்துருச்சான்னா அதுவும் இல்ல. ஆத்துக்குள்ள இருக்கற உறைகிணறும் மோட்டார் ரூமும் முங்கிப்போயி, வீட்டு வாசல் வரைக்கும் தண்ணி நிக்குது, கொழாயில சொட்டு வரல. கிணத்துல சாக்கடை, செத்த ஆடு மாடு, சேறு. எச்சரிக்கைன்னு ஒண்ணு எங்க போனுக்கு வந்தப்ப கரண்டும் டவரும் போயி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.

இது எப்பவோ ஒரு தடவை வர்றதுன்னு விட்ருவோம்னு பாத்தா, 2024 மே மாசம், அக்னி நட்சத்திர வெயில் காலத்துல, பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன அடிச்சிட்டு போச்சு. அதே வருசம் டிசம்பர்ல மறுபடியும் தாமிரபரணி கரை தொட்டு ஓடுச்சு. பெரியவங்க கேட்டா 1992 நவம்பர் வெள்ளத்தத்தான் ரொம்ப வருசமா கதையா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்ப புதுக் கதை வருசா வருசம் கிடைக்குது.

காரணம் உங்க ஆபீஸ் ஃபைல்லயே இருக்கும். காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த புடிச்சு வைக்கும், கொட்டும்போது மொத்தமா கொட்டும், நடுவுல காஞ்சு கிடக்கற நாளும் கூடும். உலகம் ஏற்கனவே ஒரு டிகிரிக்கு மேல சூடாயிருச்சு. கடல் மட்டம் 1901ல இருந்து 2018க்குள்ள உலக சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறியிருக்குன்னு ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழு ஐபிசிசி சொல்லுது. மலைக்காரங்களுக்கு 20 சென்டிமீட்டர் ஒண்ணுமில்ல, முகத்துவாரத்துல இருக்கற எங்களுக்கு அது பெரிய சமாச்சாரம். அங்க ஆத்துப் படுகைக்கும் கடலுக்கும் மேடு பள்ளம் வித்தியாசமே ரொம்ப கம்மி, அதையும் மணல் அள்ளி அள்ளி பள்ளமாக்கி வச்சிருக்காங்க. ஐகோர்ட் 2010லயே தாமிரபரணியில மணல் அள்ள தடை போட்டுச்சு. திருட்டு மணல் நின்னுச்சான்னா, 2023 ஏப்ரல்ல முறப்பநாட்டுல விஏஓ லூர்து பிரான்சிஸ ஆபீஸ்லயே வச்சு வெட்டினாங்க, மணல் கடத்தல் பத்தி புகார் குடுத்ததுக்காக. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அடுத்து, சாக்கடை. மேல நகரத்துல இருந்து கழிவுத்தண்ணி ஆத்துல விழுறது ஊரறிஞ்ச விசயம், 2024 நவம்பர்ல ஐகோர்ட் மதுரை கிளை நீதிபதிகளே நேர்ல வந்து பாத்துட்டு போனாங்க. ஆத்துல தண்ணி நல்லா ஓடினா அந்த அழுக்கு கரைஞ்சு போகும், ஓரளவு ஆறே கழுவிக்கும். தண்ணி கொறைஞ்சா கெட்டிச் சாக்கடைதான். வெயில் கூடினா இன்னும் மோசம், 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா 30 டிகிரியில ஏழரைதான். அந்த ஏழரையையும் சாக்கடை தின்னுரும். அப்புறம் மீன் மெதந்துச்சுன்னா யாரோ விசம் வச்சிட்டாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு கிளம்பும். இந்தத் தண்ணியதான் தூத்துக்குடியும், விருதுநகர் மாவட்டத்து ஊருகளும் குடிக்குது, அதனால இது ஆத்தூர்க்காரன் வெத்தலை பிரச்சனை மட்டும்னு ஒதுக்கிறாதீங்க.

இப்ப அந்த உபரி கணக்குக்கு வாரேன். வருசத்துக்கு சராசரி 13.8 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி) தண்ணி வீணா கடல்ல கலக்குதுன்னு மேடைக்கு மேடை சொல்றீங்க. அத வச்சுத்தான் கன்னடியன் கால்வாய்ல இருந்து கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக்கு 75 கிலோமீட்டர் வெள்ளநீர் கால்வாய் வெட்டி 2025 பிப்ரவரியில தொறந்தீங்க, 2765 மில்லியன் கன அடி தண்ணி அதுல போகும்னு திட்டம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து சனங்களுக்கு தண்ணி போறதுல எங்களுக்கு ஒரு வயித்தெரிச்சலும் இல்ல, அவங்க பட்ட பாடு எங்களுக்கு தெரியும். கேள்வி என்னன்னா, அந்த 13.8 டிஎம்சி எந்த நாள்ல போச்சு? பெரும்பகுதி வடகிழக்கு பருவத்துல, வெள்ளம் வர்ற கொஞ்ச நாள்ல கொட்டினது. சித்திரை வைகாசியில எவ்வளவு போச்சுன்னு தனியா எடுத்து வைங்க பாப்போம். மார்கழியில வெள்ளத்துல மெதந்தவன் வைகாசியில உப்ப குடிக்கிறான், ரெண்டையும் கூட்டி வகுத்து சராசரி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா எப்படி? மழை இப்படி தாறுமாறா வர ஆரம்பிச்ச பெறகு சராசரிய நம்பி ஆத்த ஓட்டவே முடியாது.

வீணா கலக்குதுங்கறதும் தப்பு. கடலுக்கு போற ஆத்துத்தண்ணிதான் உப்ப வெளிய நிறுத்தி வைக்குது, வேற எந்த மெஷினும் அந்த வேலைய இவ்வளவு செலவில்லாம செய்யாது. புன்னக்காயல் மீனவர்ட்ட கேளுங்க, ஆத்துத் தண்ணி கடலுக்கு எறங்கினாத்தான் எறால் படும்னு சொல்லுவாரு. பழையகாயல் புன்னக்காயல் பக்கத்து அலையாத்தி காட்டுக்கும் நல்ல தண்ணி கலந்து வரணும். முக்காணி பக்கத்துல தடுப்பணை கட்டிக் குடுத்தீங்க, நல்லது, ஆனா தடுப்பணைக்கு மேல தேக்கி வைக்க தண்ணி வரணும்ல? காஞ்ச ஆத்துல தடுப்பணை இருந்து என்ன, வெறும் காங்கிரீட் சுவருதான். அதுக்கு கீழ உள்ளவங்களுக்கு அதுவும் இல்ல.

பாபநாசமும் மணிமுத்தாறும் சேந்து கொள்ளளவு 11 டிஎம்சி, பாசனம் 86,107 ஏக்கர், குடிதண்ணி திட்டங்கள் ஒரு பக்கம், கம்பெனிகள் ஒரு பக்கம். தண்ணி பத்தலங்கறது எங்களுக்கும் தெரியும். தட்டுப்பாட்டு காலத்துல எல்லாருக்கும் கொஞ்சம் கொறைங்க, எங்களுக்கும் கொறைங்க, அது நியாயம். எங்களுக்கு மட்டும் பூஜ்யம்னா அது பங்கீடு இல்ல. ஒவ்வொரு கோடையிலயும் முதல்ல நிறுத்தறது எங்க தண்ணி, கம்பெனிக்கு போற பைப்பு மூடினதா நாங்க பாத்ததில்ல.

நாங்க கேக்கறது இதுதான்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு கீழ வருசம் பூரா, முக்கியமா பங்குனியில இருந்து ஆனி வரைக்கும், ஆத்துல இவ்வளவு கன அடிக்கு கொறையக்கூடாதுன்னு ஒரு எண்ண நிர்ணயம் பண்ணி அரசாணையா போடுங்க. மிச்சம் இருந்தா தாரோம்னு சொல்லாதீங்க, வடகால் தென்கால் மாதிரி ஆத்தையும் ஒரு பங்குதாரரா கணக்குல சேருங்க. அந்த எண்ணு எவ்வளவுங்கறத ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணாம, உப்பு எதுவரைக்கும் ஏறுதுன்னு அளந்து, ஆத்தூர், முக்காணி, புன்னக்காயல் ஆளுங்களையும் வச்சு முடிவு பண்ணுங்க.

அளக்கறதுன்னதும் ஞாபகம் வருது. அணைக்கட்டுக்கு கீழ, ஏரல்ல, ஆத்தூர் பாலத்துல, முக்காணியில, வாரம் ஒரு தடவை தண்ணிய எடுத்து உப்பு, குளோரைடு, ஆக்சிஜன் அளவு பாத்து பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல எழுதிப் போடுங்க. ஒரு பையன் கைக்காசு போட்டு செய்யறத உங்களால செய்ய முடியாதா? படுகை மட்டமும் வருசம் ஒரு தடவை அளக்கணும், மணல் எங்க போச்சுன்னு அதுல தெரிஞ்சிரும்.

வெள்ளநீர் கால்வாய் ஷட்டர் எந்த நாள்ல தொறந்துச்சு, எத்தனை கன அடி போச்சு, அன்னைக்கு ஸ்ரீவைகுண்டத்த தாண்டி எவ்வளவு போச்சுன்னு தினமும் வெளியிடுங்க. ஸ்ரீவைகுண்டத்துல வழிஞ்சு போகாத நாள்ல அந்த ஷட்டர் தொறக்கக்கூடாது. வெள்ளநீர் கால்வாய்னு பேரு வச்சது நீங்கதான்.

அணை இயக்கற விதிமுறைய இப்ப பெய்யற மழைக்கு தக்கன மாத்தி எழுதுங்க, கார்த்திகையில எவ்வளவு இடம் காலியா வைக்கணும், வானிலை அறிவிப்பு வந்ததும் எப்ப இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும்னு. எச்சரிக்கை விடும்போது இத்தனை ஆயிரம் கன அடின்னு மட்டும் சொல்லாதீங்க, அத கேட்டு எங்க ஆத்தா எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்த ஊரு, எந்த தெரு வரைக்கும் தண்ணி வரும், எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க. டவர் போறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

சாக்கடைய சுத்திகரிக்காம ஆத்துல விடுறத நிறுத்தறதுக்கு தேதி சொல்லுங்க. கோடையில வெட்டு விழுந்தா கம்பெனி தண்ணியில முதல் வெட்டு விழணும், இதையும் எழுத்துல குடுங்க.

ஜூன் 1க்கு கார் தண்ணி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு பதில் வேணும். ரெண்டு வரி பதில் வேண்டாம், எங்க கேள்விக்கு ஒவ்வொண்ணுக்கும் ஆமாவா இல்லையான்னு, இல்லன்னா ஏன் இல்லன்னு, கையெழுத்து போட்டவங்க பேரோட. பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் சித்திரை வெயில்ல ஸ்ரீவைகுண்டத்துல இருந்து புன்னக்காயல் வரைக்கும் ஆத்தோரமா வாங்க, நாங்க கூட வாரோம், மீட்டரும் கொண்டு வாரோம்.

இப்படிக்கு,
ஆத்தூர் பக்கத்து கொடிக்கால் விவசாயி ஒருத்தன்